கொடுத்தவர் யார்? கொள்பவர் யார்?

சங்கரன்கோவில் விசைத்தறித் தெருவில் ஒரு கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால், அந்த வீட்டில் நிற்பது தறி மட்டுமல்ல, அடுப்பும்தான். தாய் மருத்துவமனையில், தந்தை மருந்துக்கடை வாசலில், கூலி காற்றில்! வாரக் கடைசியில் கணக்குப் பார்த்தால் முன்பணம் ஏறியிருக்கும். இது நாம் ஏட்டில் படித்த செய்தியல்ல. தோழர்கள் நாள்தோறும் காணும் காட்சி.

கடுமையான வயிற்றுப்போக்கை உண்டாக்குவதில் முன்னணியில் நிற்பது ரோட்டா வைரஸ். தடுப்பு மருந்து வருமுன் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 78,000 குழந்தைகளை அது பலி கொண்டது. மாளிகைப் பிள்ளையையும் அது தொடும். மடிவதோ பெரும்பாலும் குடிசைப் பிள்ளைதான்.

இன்று அரசு மருத்துவமனையில் 6, 10, 14 ஆகிய வாரங்களில் குழந்தையின் வாயில் விடும் ரோட்டா சொட்டு மருந்து காசில்லாமல் கிடைக்கிறது. அது வானத்திலிருந்து விழவில்லை. அதன் வரலாற்றைத் தொழிலாளி தெரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் அதில் அவனுக்கும் பங்குண்டு.

1980களின் நடுவில் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் எம். கே. பான் ஒரு புதுமையைக் கண்டார். ரோட்டா வைரஸ் தொற்றியும் நோய் காணாத பச்சிளங் குழந்தைகள்! அவர்களிடமிருந்து எடுத்த கிருமியே பின்னர் மருந்தின் வித்தாயிற்று.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலோ, டாக்டர் ககன்தீப் காங் அம்மையார் வேறொரு வழியில் உழைத்தார். சிம்லாவில் பிறந்து, வேலூரில் மருத்துவம் பயின்று, அங்கேயே ஆய்வில் இறங்கியவர் அவர். பீடி சுற்றியும் கூலி வேலை செய்தும் பிழைக்கும் மக்கள் வாழும் வேலூர்த் தெருக்களில், 2002 முதல் 373 குழந்தைகளைப் பிறந்த நாள் தொட்டு மூன்றாண்டு காலம் அவரது குழு தொடர்ந்து கவனித்தது. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள்ளேயே தொற்று! ஒரு முறை வந்தவனுக்கு மறுமுறை வராது என்ற நம்பிக்கையும் தகர்ந்தது. மூன்று முறை தொற்றிய பின்னும் முழுக் காப்பு இல்லை.

கல்லூரி கண்ட உண்மை காகிதத்திலேயே தூங்கவில்லை. திருத்தணிப் பக்கத்து உழவர் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணா எல்லா 1996இல் ஐதராபாத்தில் தொடங்கிய பாரத் பயோடெக் கம்பெனி மருந்தைச் செய்தது. டில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதனை நடந்தது. வேலூர்ப் பொறுப்பு காங் அம்மையாருடையது. 2013இல் முடிவு வெளிவந்தது. ஒரு வேளை மருந்து ஒரு டாலர் என்று விலை பேசப்பட்டது. 2016இல் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. 2017இல் தமிழகம் வந்தது. 2019இல் இலண்டன் ராயல் சொசைட்டி அம்மையாரை உறுப்பினராக ஏற்றது. இந்தியப் பெண் விஞ்ஞானி ஒருவருக்கு அந்தச் சிறப்பு கிட்டியது அதுவே முதல் தடவை.

ஒரு பாதி அரன், ஒரு பாதி அரி என்று சங்கரநாராயணரைச் சொல்வார்கள் நம் ஊரில். இந்த மருந்தும் அப்படித்தான்: ஒரு பாதி ஆய்வுக்கூடம், ஒரு பாதி ஆலை. இரண்டும் சேர்ந்ததை நாம் குறை கூறவில்லை, வரவேற்கிறோம். ஆனால் மூன்றாவது பங்காளி ஒருவர் உண்டே! அரசுப் பணம் தந்தது மக்கள். பிள்ளையைச் சோதனைக்குத் தந்ததும் மக்கள். 1998இல் அமெரிக்காவில் வந்த முதல் ரோட்டா மருந்து, குழந்தைகளின் குடல் செருகிக் கொள்ளும் ஆபத்தால் அடுத்த ஆண்டே விலக்கப்பட்டது. அப்படிப்பட்ட துறையில் பிள்ளையை நீட்டிய தாயின் துணிவு எந்த முதலாளியின் முதலீட்டுக்கும் குறைந்ததா?

ஆகவே கேட்கிறோம்: பொதுப்பணம் கலந்த மருந்தின் விலையும், சோதனைக் கணக்கும் ஒளிவுமறைவின்றி மக்கள் முன் இருக்க வேண்டாமா? 2008இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் கிண்டி பி.சி.ஜி. ஆய்வகமும் உரிமம் முடக்கப்பட்டு, 2010இல்தான் மீண்டன. செங்கல்பட்டில் பொதுப்பணத்தில் எழுந்த தடுப்பூசி வளாகம், 2021இல் நாடே தடுப்பூசிக்குத் தவித்தபோது உற்பத்தியின்றிக் கிடந்தது. தனியார் ஆலை ஓடட்டும். மக்கள் ஆலை ஏன் தூங்க வேண்டும்?

இன்னொன்று. அந்தச் சோதனையில் முதலாண்டில் கடும் நோயைத் தடுத்த அளவு நூற்றுக்கு ஏறத்தாழ 56 தான். மருந்து பாதி வேலை செய்யும். மீதி வேலை குழாய்த் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் உரியது. சொட்டு மருந்தைக் காட்டிக் குடிநீர்க் கடமையைத் தட்டிக் கழிக்க எந்த ஆட்சிக்கும் இடம் தரலாகாது.

தோழர்களே! உங்கள் தெருவில் பிறந்த குழந்தைகளைக் கணக்கெடுங்கள். ஆறாவது வாரம் தவறியதா என்று கேளுங்கள். தவறியிருந்தால், ஒரு வேளைத் தறியை நிறுத்தியாவது தாயையும் பிள்ளையையும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வேலூர்த் தொழிலாளியின் பிள்ளை கொடுத்ததைச் சங்கரன்கோவில் தொழிலாளியின் பிள்ளை கொள்ளட்டும். அது தருமம் அல்ல, உரிமை!