கோலாரில் தூசியை மட்டும் கிளறுவானேன்?

கோலார் தங்கவயலில் (கேஜிஎஃப்) சுரங்கக் கழிவு குவிந்த 13 சயனைடு மேடுகளை ஏலம் விட்டு, அவற்றிலிருந்து தங்கம் பிரிக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை தலையாட்டியது. அன்றிலிருந்து ‘கேஜிஎஃப் மீண்டும் திறக்கப்படுகிறது’ என்று ஒரே ஆரவாரம். திறக்கப்படுவது சுரங்கமா? இல்லை. பழைய கழிவைக் கிளறப்போகிறார்கள், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேடுகளில் இருப்பது சுமார் 3.3 கோடி டன் மண். டன்னுக்கு ஒரு கிராம் என்று தாராளமாகவே வைத்து, அத்தனையையும் சிந்தாமல் எடுத்தாலும் 33 டன். 2024-25இல் இந்தியா இறக்குமதி செய்த தங்கம் சுமார் 757 டன். ஆக, இவ்வளவு ஆர்ப்பாட்டமும் இரண்டேகால் வார இறக்குமதிக்கு! நகைக்கடை விளம்பரங்களுக்கு நடுவே செய்தி படிக்கும் நாடு இந்தக் கணக்கைப் போடாதது வியப்பில்லை. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இறங்கியதிலிருந்து 2001 பிப்ரவரி 28இல் மூடும்வரை கோலார் தந்த மொத்தமே ஏறத்தாழ 800 டன்தான். அதை வெட்டியெடுத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்து போன தமிழர்கள்.

“சுரங்கம் வற்றிவிட்டது” என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. மூடியது நட்டத்தால். அந்த ஆண்டு தங்கம் அவுன்ஸுக்கு 300 டாலரைக்கூடத் தொடவில்லை. 2025இல் 4,000 டாலரைத் தாண்டிவிட்டது. அன்று கட்டுப்படியாகாது என்று விட்ட பாறை இன்று கட்டுப்படியாகாதா?

கோலாரின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது உண்மை. ஆனால் கோலார் பாறைப் பட்டை வடக்கு தெற்காக 80 கிலோமீட்டர் ஓடி, ஆந்திரத்தின் சிகுர்குண்டா வரை நீள்கிறது. வெள்ளைக்காரன் அதில் ஒரு துண்டைத்தான் குடைந்தான். மற்ற இடங்களில் ஆழத் துளையிட்டு, உருளை உருளையாகப் பாறையை எடுத்து, அடிக்கு அடி சோதிப்பதுதான் தேடல். அதற்கென்றே 2015இலிருந்து ஓர் அறக்கட்டளை உண்டு. சுரங்கக் குத்தகைதாரர்கள் ராயல்டியோடு அதற்கும் பணம் கட்டுகிறார்கள். ஆழத்துக் கனிமங்களுக்கென 2023இல் தனி உரிமமும் வந்தது. சட்டமும் இருக்கிறது, பணமும் இருக்கிறது. துளைக்கத்தான் மனமில்லை, மேட்டை அள்ளுவது சுலபம்.

மேட்டடியில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். காற்றடித்தால் சாம்பல் நிறப் பொடி கொடித் துணியிலும் சோற்றுத் தட்டிலும் படிகிறது. வேலை தேடி விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் பெங்களூரு ரயிலைப் பிடிக்கிறார்கள். படப்பிடிப்புக் குழுக்கள் மட்டும் அந்த மேடுகளில் நன்றாகச் சம்பாதித்தன.

கோலாரில் இன்னும் தங்கம் இருக்கிறது. எனக்கு இதில் ஐயமில்லை. ஏலத்தை நிறுத்துங்கள். முதலில் பட்டை முழுவதும் துளையிடுங்கள், முடிவுகளை ஊரறிய வெளியிடுங்கள். அதுவரை அந்த மேடுகளிலிருந்து ஒரு லாரி மண்கூட வெளியேறக் கூடாது.