நடக்கிறவருக்கும் ரோட்டில் பங்கு வேணும்!

சென்னை மக்களே,

பஸ்ஸில் போற எல்லாருமே முதலில் நடக்கிறவங்கதான். வீட்டிலிருந்து ஸ்டாப் வரைக்கும் நடக்கணும், இறங்கின பிறகும் நடக்கணும். அந்த நடை எப்படி இருக்குன்னு உங்களுக்கே தெரியும். நடைபாதை நடுவில் மின்பெட்டி, அதைத் தாண்டினா பைக், அதையும் தாண்டினா மூடாத பள்ளம். கடைசியில் ரோட்டில் இறங்கி, ஹாரன் சத்தத்துக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போகணும்.

2021 மே முதல் சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. யார் கொண்டுவந்தாலும் நல்ல திட்டம் நல்ல திட்டம்தான். 2024-இல் தாழ்தளப் பேருந்துகளும் வந்தன. சக்கர நாற்காலியில் இருப்பவர் இப்போ பஸ்ஸுக்குள் ஏறலாம். ஆனா ஸ்டாப் வரைக்கும் அவர் எப்படி வர்றது?

கொள்கை இல்லாமல் இல்லை. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை 2014-லேயே சென்னை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடக்கிறவங்களுக்கும் சைக்கிளுக்கும் என்பது அதில் சொன்ன இலக்கு. பத்து வருஷம் தாண்டிடுச்சு. உங்க தெருவில் அந்த அறுபது கண்ணுக்குத் தெரியுதா?

செய்ய முடியாத காரியமும் இல்லை. தி.நகர் பாண்டி பஜாரில் கார் போற அகலத்தைக் குறைத்து, நடைபாதையை அகலமாக்கி 2019 நவம்பரில் திறந்தாங்க. ரோட்டைக் குறைத்தால் வியாபாரம் படுத்துடும்னு சொல்றவங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே போய் நின்னு பார்க்கட்டும். பைக்கை மேலே ஏற்றி நிறுத்துற தொல்லை அங்கேயும் உண்டு, மறைக்க வேண்டாம். நம்ம கேள்வி வேற. துணிக்கடை வீதிக்குக் கிடைத்த அகலம், காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிற வியாசர்பாடித் தெருவுக்கு ஏன் கிடைக்கலை?

இன்னொண்ணு. நடைபாதைன்னதும் பூக்கார அம்மாவைத் துரத்தக் கிளம்பிடாதீங்க. தெரு வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கணும்னு 2014-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்லுது. அவங்க கூடை பிடிக்கிறது ரெண்டடி. பக்கத்தில் காசே கட்டாமல் நாள் முழுக்க நிற்கிற கார் பிடிக்கிற இடத்தை அளந்து பாருங்க! கார் வச்சிருக்கிறது தப்பில்லை. அதை நிறுத்த ஊர் ரோட்டை இனாமாக் கொடுக்கிறதுதான் தப்பு.

அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்குப் போங்க. உங்க வார்டில் பஸ் ஸ்டாப்பைச் சுற்றி எத்தனை அடி நடைபாதை போட்டிருக்காங்க, எவ்வளவு செலவு ஆச்சுன்னு கவுன்சிலர்கிட்ட கேளுங்க. எங்க கட்சிக் கவுன்சிலரா இருந்தாலும் விடாதீங்க. கிடைத்த பதிலைக் கீழே கமெண்டில் போடுங்க.