நெஞ்சுக்குள் ஒரு சின்னப் பெட்டி!

"அப்பத்தா, சுவிட்சுப் பக்கம் போகாத!" என்று பேரன் கத்துகிறான். "செல்லைத் தொடாதீங்க மாமா, பெட்டி நின்னுரும்" என்று மருமகள் பதறுகிறாள். "இனிமே தோட்டத்துப் பக்கமே வராதீங்கப்பா" என்று மகன் சொல்கிறான்.

பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் பெரியவர்கள், தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களிலும் கேட்கும் பேச்சு இது. ஆபரேஷன் முடிந்தது. உயிர் பிழைத்தது. ஆனால், அதுவரை ஓடியாடி வேலை பார்த்தவரைத் திண்ணையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். அன்புதான் காரணம். ஆனாலும் இந்தப் பயத்தில் பாதிக்கு மேல் வீண் பயம்.

உண்மையில் பயப்பட வேண்டிய விஷயங்கள் இரண்டு மூன்று உண்டு. அவற்றைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அது என்ன பெட்டி?

இருதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. "துடி" என்று அதற்குக் கட்டளை இடுவது மின்சாரம். வெளி மின்சாரம் அல்ல. இருதயத்தின் மேல் அறையில் ஒரு சின்ன இடத்தில் அது தானாகவே பிறக்கிறது. அங்கிருந்து கீழ் அறைகளுக்கு ஓடுகிறது.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மதகில் புறப்பட்டு, வாய்க்கால் வழியாக வயலுக்கு வருவதைப் போன்றது இது. மதகு சரியாகத் திறக்காவிட்டாலும் வயல் காயும். வாய்க்கால் நடுவழியில் அடைத்துக்கொண்டாலும் வயல் காயும். அதுபோல, மின்சாரம் குறைவாகப் பிறந்தாலும், வழியில் தடைபட்டாலும் இருதயத் துடிப்பு 40, 30 என்று இறங்கிவிடும். தலை சுற்றும். கண் இருட்டும். நின்றவர் நின்ற இடத்திலேயே விழுவார். "வெயில் தாங்கவில்லை, பித்த மயக்கம்" என்று சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு விடுவதும் நடக்கிறது. காரணம் தெரியாமல் மயங்கி விழுந்தவருக்கு ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பதே சரி.

குறைந்த துடிப்பை ஈடு செய்வதுதான் பேஸ்மேக்கரின் வேலை. உள்ளங்கைக்குள் அடங்கும் மெல்லிய உலோகப் பெட்டி. எடை 20, 30 கிராம்தான். உள்ளே ஒரு பேட்டரியும் ஒரு சின்னக் கம்ப்யூட்டரும் இருக்கின்றன. பெரும்பாலும் இடது பக்கக் காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் வைப்பார்கள். அதிலிருந்து மெல்லிய கம்பி, ரத்தக் குழாய் வழியாக இருதயத்துக்குள் போகிறது. இதற்காக நெஞ்சைப் பிளப்பதில்லை. அந்த இடம் மரத்துப்போக ஊசி போட்டே செய்துவிடுகிறார்கள்.

அடைத்துக்கொண்ட ரத்தக் குழாயில் வைக்கிறார்களே "ஸ்பிரிங்", அது வேறு, இது வேறு. ஸ்பிரிங் ரத்தம் ஓடும் வழியைத் திறப்பது. பேஸ்மேக்கர் துடிப்பைக் காப்பது. ஆகவே பேஸ்மேக்கர் வைத்தவருக்கு மாரடைப்பே வராது என்று நினைப்பது தப்பு. "அதான் மிஷின் வைத்தாயிற்றே" என்று ரத்தக் கொதிப்பு மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் நிறுத்துவது பெரிய தப்பு.

26 பெட்டி வைத்த மனிதர்

சுவீடன் நாட்டில் ஆர்னே லார்சன் என்று ஒருவர் இருந்தார். 43 வயதில் அவருக்கு இந்த நோய் முற்றிவிட்டது. ஒரு நாளைக்கு 20, 30 தடவை மயங்கி விழுந்தார். அவர் மனைவி விடவில்லை. டாக்டர் ஓகே சென்னிங், என்ஜினீயர் ரூனே எல்ம்க்விஸ்ட் இருவரையும் பிடித்துக்கொண்டார். "உடம்புக்குள் வைக்கிற மாதிரி ஒரு கருவி செய்து கொடுங்கள்" என்று நச்சரித்தார்.

என்ஜினீயர் ஒரு கருவியைச் செய்தார். அதை வார்க்க அவர் எடுத்த அச்சு என்ன தெரியுமா? பூட்ஸ் பாலிஷ் டப்பா! 1958 அக்டோபர் 8-ந் தேதி, ஸ்டாக்ஹோம் அருகே உள்ள கரோலின்ஸ்கா ஆஸ்பத்திரியில் அதை லார்சனின் உடம்புக்குள் வைத்தார்கள். உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. சில மணி நேரத்தில் கருவி நின்றுவிட்டது. இன்னொன்றை வைத்தார்கள்.

அப்படி மாற்றி மாற்றி அவர் வாழ்நாளில் 26 பெட்டிகள் வைத்தார்கள். அவர் இறந்தது 2001-ல். வயது 86. செத்ததும் இருதய நோயால் அல்ல, புற்றுநோயால். பெட்டியைச் செய்த என்ஜினீயரும், வைத்த டாக்டரும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள்!

இன்று 26 பெட்டி தேவையில்லை. ஒரு பெட்டியின் பேட்டரி சுமார் 8 முதல் 12 ஆண்டு வரும். அது திடீரென்று அணைந்துவிடாது. தீர்ந்துபோகப் பல மாதங்களுக்கு முன்பே, பரிசோதனையில் தெரிந்துவிடும். கம்பி நன்றாக இருந்தால் பெட்டியை மட்டும் மாற்றுவார்கள்.

பந்தலுக்குக் கீழே

கம்பம் பள்ளத்தாக்கு என்றால் திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே கொடி தலைக்கு மேலே பந்தலில் படர்கிறது. கவாத்து பண்ணுவதும், குலை வெட்டுவதும் கையை உயரத் தூக்கிச் செய்கிற வேலை. இங்கேதான் கவனம் வேண்டும்.

புதிதாக வைத்த கம்பி இருதயச் சதையில் பிடித்துக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் அந்தப் பக்கத்துக் கையைத் தலைக்கு மேலே தூக்கினால், கம்பி நகர்ந்துவிடக்கூடும். ஆகவே நாலு முதல் ஆறு வாரம் அந்தக் கை தோள்பட்டைக்கு மேலே போகக் கூடாது. குடம் தூக்குவது, மூட்டை சுமப்பது, அடி குழாயில் தண்ணீர் அடிப்பது எல்லாம் அப்புறம்தான். முதுகில் மாட்டும் மருந்து தெளிப்பானின் வார், பெட்டியின் மேலே உரசும். காயம் நன்றாக ஆறும் வரை அதுவும் வேண்டாம்.

அதற்காகக் கையை ஒரேயடியாக அசைக்காமல் வைத்திருப்பதும் கெடுதல். தோள் மூட்டு இறுகிப்போகும். சாப்பிடலாம், சட்டை போடலாம், கையை மெதுவாக வீசி நடக்கலாம். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு பந்தலுக்குத் திரும்பலாம்.

காயத்தின் மேல் மஞ்சள் பற்று, எண்ணெய், பச்சிலை எதையும் போடக் கூடாது. ஊறினாலும் சொறியக் கூடாது. காயம் ஆறுவதற்குள் சுருளி அருவிக்குப் போய் நிற்கக் கூடாது. அந்த இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்கிற விஷயம் அல்ல இது. பெட்டி இருக்கும் இடத்தில் சீழ் பிடித்தால், பெட்டியையும் கம்பியையும் சேர்த்தே எடுக்க வேண்டி வரும்.

இன்னொரு விசித்திரமான அறிகுறியும் உண்டு. விக்கல்! தண்ணீர் குடித்தும் நிற்காமல் விக்கிக்கொண்டே இருந்தால், கம்பி இடம் மாறி மூச்சுச் சதையைத் தூண்டுகிறதோ என்று பார்க்க வேண்டும்.

செல்போனும் சட்டைப் பையும்

செல்போனில் பேசலாம். தடையே இல்லை. ஆனால் நம் ஊர்ச் சட்டையில் பை இருப்பது இடது பக்கம். பெட்டி இருப்பதும் இடது பக்கம். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்காருவதுதான் வினை.

காந்தம் கிட்டே வந்தால் பேஸ்மேக்கர் தன் வழக்கமான கணக்கை விட்டுவிட்டு, ஒரே வேகத்தில் துடிப்புக் கொடுக்கத் தொடங்கும். டாக்டர்கள் வேண்டும்போது பயன்படுத்திக்கொள்ள வைத்த ஏற்பாடு அது. இப்போது வரும் சில போன்களில் வலுவான காந்தம் இருக்கிறது. 2021-ல் அமெரிக்க டாக்டர்கள் "ஐபோன் 12" என்ற போனை, இதே இனத்தைச் சேர்ந்த ஒரு இருதயக் கருவியின் மேல் வைத்துப் பார்த்தார்கள். கருவி தன் வேலையை நிறுத்திக்கொண்டது. போனை எடுத்ததும் பழைய நிலைக்கு வந்துவிட்டது. அதன் பிறகு அமெரிக்க அரசின் மருந்துத் துறை, போனுக்கும் பெட்டிக்கும் நடுவே 15 சென்டிமீட்டர், அதாவது அரை அடி இருக்க வேண்டும் என்று எச்சரித்தது. போனை வேட்டி மடிப்பிலோ, கால்சட்டைப் பையிலோ வைக்கலாம். பேசும்போது வலது காதில் வைக்கலாம். படுக்கும்போது நெஞ்சில் வைத்துப் பாட்டுக் கேட்பதை விட்டுவிட வேண்டும்.

காதில் மாட்டும் கருவியின் டப்பாவிலும் காந்தம் உண்டு. வீரபாண்டி சித்திரைத் திருவிழாவில் ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கி அடுக்குகிறார்களே, அதிலும் காந்தம் உண்டு. திருவிழாவுக்குப் போகலாம். ஒலிபெருக்கியில் சாய்ந்து உட்கார வேண்டாம். எப்படியும் காதுக்கு நல்லது.

கரண்டு பிடிக்குமா?

பிடிக்காது. ஃபேன், மிக்ஸி, கிரைண்டர், டி.வி., பிரிட்ஜ் எல்லாவற்றையும் மற்றவர்களைப் போலவே தொடலாம். இண்டக்‌ஷன் அடுப்புக்கு மட்டும் இரண்டடி தள்ளி நிற்க வேண்டும்.

மோட்டார் போடத் தோட்டத்துக்குப் போகலாம். ஓடும் மோட்டார் மேல் குனிந்து நெஞ்சை வைக்காமல், கை தூரத்தில் நின்றால் போதும். எர்த் சரியாக இருக்கிறதா, ஒயர் அறுந்து கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஷாக் அடித்தால் பெட்டி இருப்பவருக்கும் ஆபத்து, இல்லாதவருக்கும் ஆபத்துதான். ஆனால் வெல்டிங் வேலை செய்கிறவர், டாக்டரைக் கேட்காமல் பட்டறைக்குத் திரும்பக் கூடாது.

சிறு வண்டி ஓட்டுவதற்கும் டாக்டர் சொல்லும் நாள் வரை பொறுக்க வேண்டும். போடி மெட்டுக்கும் குமுளிக்கும் ஏலத்தோட்ட வேலையாட்களை ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர் இன்னும் அதிக நாள் பொறுக்க வேண்டும். அவர் மயங்கினால் போவது ஒரு உயிர் அல்ல. முன் சீட்டில் இடது பக்கம் உட்காருகிறவரின் பெல்ட், பெட்டி மேலேயே வரும். பெல்ட்டைக் கழற்ற வேண்டாம். நடுவே ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டால் உறுத்தாது.

மதுரை மீனாட்சி அம்மன் கோயில் போன்ற இடங்களில் சோதனை வாசல் இருக்கிறது. நிற்காமல் நடந்து போய்விடலாம். மணி அடித்தால், அட்டையைக் காட்டி, கையால் தடவிப் பார்க்கச் சொல்லலாம்.

நோய்க்காக ஸ்கேன் எடுக்கச் சொன்னால் என்ன செய்வது? எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் எதற்கும் பயமில்லை. எம்.ஆர்.ஐ. மட்டும் பெரிய காந்தத்துக்குள் படுத்து எடுப்பது. பழைய பெட்டிகளுக்கு அது ஆகாது. 2011-க்குப் பிறகு அதையும் தாங்கும் பெட்டிகள் பரவலாக வந்துவிட்டன. அப்போதும், எடுப்பதற்கு முன்னும் பின்னும் பெட்டியைச் சரி பார்க்க வேண்டும்.

தாம்பத்திய வாழ்க்கைக்குத் தடை இல்லை. பெட்டி வைத்த பெண்கள் பிள்ளை பெற்றிருக்கிறார்கள்.

உண்மையான ஆபத்து

மறதிதான் ஆபத்து. வைத்த சில வாரத்தில் ஒரு தடவை, மூன்று மாதம் போல் ஒரு தடவை, அப்புறம் ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்கு ஒரு தடவை பெட்டியைப் பரிசோதிக்க வேண்டும். ஊசி இல்லை, கத்தி இல்லை. நெஞ்சின் மேல் ஒரு கருவியை வைத்தால், பேட்டரி எவ்வளவு இருக்கிறது, கம்பி எப்படி இருக்கிறது, இருதயம் எத்தனை தடவை தடுமாறியது என்று எல்லாம் தெரிந்துவிடும்.

"உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது?" என்று பலர் போவதில்லை. கம்பத்திலிருந்து மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். நோயாளிக்கு ஒரு நாள் போகிறது. கூடப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. பல ஆண்டுகள் நின்றிருந்த ரயில் 2022 மே முதல் தேனிக்கும், 2023 ஜூன் முதல் போடிக்கும் வந்துவிட்டது ஓரளவு வசதி. ஆனாலும் தொல்லை தீரவில்லை. ஒரு கம்பெனியின் பெட்டியை இன்னொரு கம்பெனியின் கருவி படிக்காது. ஆகவே எந்த டாக்டரிடமும் போய்ப் பார்த்துக்கொள்ள முடிவதில்லை.

இங்கேதான் அரசாங்கம் யோசிக்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-ல் தொடங்கியது. இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்டவர்கள் சேரலாம். பேஸ்மேக்கர் வைப்பதும் இதில் அடக்கம். பெட்டி வைக்கப் பணம் கொடுக்கும் திட்டம், அதைப் பார்த்துக்கொள்ளும் வழியையும் பக்கத்தில் கொண்டுவர வேண்டாமா? க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், மாதம் ஒரு நாள் எல்லாக் கம்பெனிக் கருவிகளையும் கொண்டுவந்து வைத்து முகாம் நடத்தினால், கூடலூர்க்காரரும் சின்னமனூர்க்காரரும் மதியத்துக்குள் வீடு திரும்பலாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு தேடி வந்து ரத்தக் கொதிப்பு பார்க்கிறார்கள். "பெட்டி எப்போது பார்த்தீர்கள்?" என்று அவர்கள் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டாலே பலன் உண்டு.

ஆஸ்பத்திரியில் கொடுக்கும் சின்ன அட்டை முக்கியம். எந்தக் கம்பெனி, எந்த மாதிரி, எந்தத் தேதி என்று எல்லாம் அதில் இருக்கும். அதைப் பீரோவுக்குள் பூட்டி வைத்தால் பயனில்லை. சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ இருக்க வேண்டும். அதைப் படம் பிடித்து மகன், மகள் போனிலும் வைக்கலாம்.

கேட்கத் தயங்கும் கேள்வி

"பெட்டி இருந்தால் உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடக்குமா?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. கிடக்காது. பெட்டி சைகை கொடுத்தாலும், உயிர் அடங்கிய சதை அதைக் கேட்பதில்லை.

புதைப்பதானால் பெட்டியை எடுக்க வேண்டியதில்லை. எரிப்பதானால் எடுத்துவிட வேண்டும். தீயில் அதன் பேட்டரி வெடிக்கும். விறகுச் சிதைக்கும் இது பொருந்தும், மின் மயானத்துக்கும் பொருந்தும். பக்கத்தில் நிற்கிறவருக்குக் காயம் படலாம். துக்க வீட்டில் இதைச் சொல்ல ஒருவருக்கு நினைவிருக்க வேண்டும். டாக்டரிடம் சொன்னால், சிறு கீறலில் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

எடுத்த பெட்டி என்ன ஆகும்? அமெரிக்காவில் இறந்தவர்களின் பெட்டிகளைக் குடும்பத்தார் சம்மதத்தோடு வாங்கி, சுத்தம் செய்து, பம்பாய் ஹோலி ஃபேமிலி ஆஸ்பத்திரியில் 53 ஏழை நோயாளிகளுக்கு வைத்தார்கள். அந்த விவரம் 2012-ல் அமெரிக்க இருதய மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. ஒருவருக்கும் சீழ் பிடிக்கவில்லை; ஒரு பெட்டியும் பழுதாகவில்லை. இது டாக்டர்கள் பரிசோதித்துச் செய்த காரியம். வீட்டார் தாங்களாக எடுத்து யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட வேண்டும்.