கொத்தமல்லிக் குடிநீரும் தாய்க்குலப் பெருமையும்

2024ஆம் ஆண்டு தை மாதத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள ஒரு பாடசாலையிற் பொங்கல் விழாவும் அன்னையர் பாராட்டு விழாவும் ஒருங்கே நடைபெற்றன. நான் அப்பாடசாலையின் ஆசிரியர்களுள் ஒருவன். மாணவர் தத்தம் தாயாரின் பாதங்களை நீரால் அலம்பி, மஞ்சளும் குங்குமமும் இட்டு, மலர் தூவி வணங்கினர். கண் கலங்காதார் எவருமிலர். பூசை முடிந்து காலின் ஈரம் உலருமுன்னரே அத்தாய்மாருள் இருபது பேர் பாடசாலையின் பின்புறத்திலிருந்த கொட்டிலுக்கு விரைந்து திரும்பினர். அங்கே முந்நூறு பேருக்கான மதிய உணவு அடுப்பிற் கொதித்துக்கொண்டிருந்தது. பாராட்டப்பட்டவர்களே சமைத்தார்கள், பரிமாறினார்கள், பின்னேரம் கிடாரங்களைத் தேய்த்துக் கழுவியவர்களும் அவர்களே. தந்தையர் கதிரைகளில் அமர்ந்திருந்தனர். தாய்மையின் மேன்மை பற்றி ஐவர் பேசினர்; ஐவரும் ஆண்கள். நானும் வயிறார உண்டேன் என்பதை மறைப்பதற்கில்லை.

அன்று ஒரு சிறப்பு மலரும் வெளியிடப்பட்டது. அது மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலாவது, தாயைத் தெய்வமென்றும் தியாகச் சுடரென்றும் போற்றும் கவிதைகளும் கட்டுரைகளும். இரண்டாவது, 'இல்லத்தரசிக்கு எளிய சமையல்'. மூன்றாவது, 'பாட்டி சொன்ன வீட்டு வைத்தியம்'. இத்தகைய மலர்கள் நம் நாட்டில் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. நமது பத்திரிகைகளின் மகளிர் பக்கங்களும் பெரும்பாலும் இம்மூன்றாலேயே நிரப்பப்படுகின்றன. தீங்கற்றவையாகத் தோன்றும் இவற்றின்மேல் எழுத்தாயுதம் தூக்குவானேன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அம்மலரின் அச்சுப்படியைத் திருத்தியவன் நானே. ஒற்றுப் பிழைகளைத் தேடித்தேடித் திருத்தினேன். வேறு பிழையெதுவும் அன்று என் கண்ணுக்குத் தென்படவில்லை.

விழாவுக்கு அடுத்த திங்கட்கிழமை முதல் என் வகுப்பு மாணவி ஒருத்தி பாடசாலைக்கு வரவில்லை. எட்டாம் வகுப்பிற் படிப்பவள். இடாப்பில் அவள் பெயருக்கு நேரே ஒன்பது நாள் வெறுமையாகக் கிடந்தது. பத்தாம் நாள் வந்தவளிடம் காரணம் கேட்டேன்.

"அம்மா ஆஸ்பத்திரியில, சேர். வீட்டில சமைக்கிறதுக்கு ஆளில்லை. காய்ச்சல் விட்டிட்டுது எண்டுதான் அம்மா அண்டைக்குச் சமைக்க வந்தவா."

அப்பொழுதுதான் எனக்கு நினைவு வந்தது. விழாவன்று பிற்பகல் கொட்டிலில் ஒரு பெண் மயங்கி விழுந்தார். கைகால் சில்லிட்டிருந்தன. முச்சக்கரவண்டியில் ஏற்றி அனுப்பினோம். மாலையில் நன்றியுரை கூறியவர், நோயையும் பொருட்படுத்தாது கடமைக்கு வந்த உத்தமத் தாயென்று அவரைப் பாராட்டினார்; சபையோர் கரகோஷம் செய்தனர். அத்தாய் நான்கு நாள் காய்ச்சலோடு வீட்டுவேலை முழுவதையும் செய்து, கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடித்து வந்தவர். மலரின் மூன்றாம் பகுதியிலுள்ள அதே குடிநீர். ஐந்தாம் நாட் காலையில் உடம்பு குளிர்ந்தது. குடிநீர் கேட்டுவிட்டதென்று நம்பினார். நோயோ டெங்கு.

டெங்குக் காய்ச்சலின் இயல்பை அறிந்தோருக்கு இதன் கொடூரம் விளங்கும். காய்ச்சல் இரண்டு முதல் ஏழு நாள் வரை நீடித்துத் தணியும். அது தணியும் வேளையே நோயாளருட் சிலருக்கு அபாய வேளை. இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பாயம் கசியத் தொடங்கும். அடுத்த ஓரிரு நாளில் நாடி தளர்ந்து உயிராபத்து நேரலாம். எந்தக் கஷாயத்தைக் குடித்திருந்தாலும், ஒன்றுமே குடியாதிருந்தாலும், காய்ச்சல் அந்நாளில் இறங்கியே தீரும். ஆகவே எல்லா வீட்டு வைத்தியமும் டெங்குவில் 'பலித்தது' போலவே காணப்படும். மூன்றாம் நாளில் இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். பரசிற்றமோலைத் தவிர அஸ்பிரின், இபுபுரொபன் போன்றவற்றைத் தொடலாகாது. வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, இரத்தக் கசிவு, சிறுநீர்க் குறைவு கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. 2017இல் இத்தீவில் 1,86,000 பேருக்கு மேல் இந்நோயாற் பீடிக்கப்பட்டு 400 பேருக்கு மேல் மாண்டனர். இவ்வளவு நடந்த பின்னும், டெங்கு பரவும் மாரியை அடுத்து வெளிவந்த நமது மலரில் இப்பரிசோதனை பற்றி ஒரு வரியேனும் இல்லை. பப்பாசி இலைச் சாறு பற்றி ஒரு பக்கம் இருந்தது.

அத்தாய் பிழைத்தார். அரசாங்க ஆஸ்பத்திரி காசு வாங்காமற் காப்பாற்றியது. 1951 முதல் இந்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளிற் கட்டணமின்றிக் கிடைத்துவரும் உரிமை அது. தெய்வமென்று எழுதிய கவிஞருள் எவரும் அவரைப் பார்க்கப் போகவில்லை, நானும் போகவில்லை. கணவர் மேசன் தொழிலாளி, தீயவரல்லர். வேலையை விட்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றார். ஆயினும் வீட்டிலே அரிசியைக் களைந்து உலையேற்ற அவருக்குத் தெரியாது. பதின்மூன்று வயதுச் சிறுமிக்குத் தெரியும்.

முன்னோர் வைத்தியத்தை இகழ்கிறாயா என்று மரபுப் பற்றாளர் இங்கே சினந்தெழுவர். இகழவில்லை. கொத்தமல்லித் தண்ணீர் தடிமனுக்கு இதமானது, நானும் குடிப்பவன். ஆனால் நமது மரபு வைத்தியம் என்பது இன்னதற்கு இன்னதென்ற துணுக்குக் கோவையன்று. செகராசசேகரமும் பரராசசேகரமும் யாழ்ப்பாணத்தில் தோன்றிய வைத்திய நூல்கள். அவ்வழி வந்த பரியாரியார் நாடி பார்த்தார், குறிகுணம் ஆராய்ந்தார், தம்மால் இயலாததை இயலாதென்று சொல்லவும் கற்றிருந்தார். 'வீட்டு வைத்திய' எழுத்தாளர் அந்த மரபிலிருந்து நோயறிதலைக் கழித்துவிட்டுச் சரக்குகளின் பெயரை மாத்திரம் எடுத்துக்கொண்டார். மரபை அவமதிப்பவர் யார்? மறுபுறத்தில், மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்க முடியுமென்று 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மானிப்பாயில் டாக்டர் கிறீன் நிலைநாட்டினார். பாடநூல்களைத் தமிழாக்கி, நம்மவரைத் தமிழிலேயே வைத்தியராகப் பயிற்றினார். மிஷனரியின் நோக்கங்களை நாம் விமரிசிக்கலாம், விமரிசிக்கவும் வேண்டும். எனினும் உடற்கூற்று நூலைத் தமிழில் அச்சிட்ட மண்ணில், இத்தனை காலத்தின் பின், சிறு குழந்தையின் இருமலுக்குத் தேன் தடவச் சொல்லி அச்சிடுகிறோம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுத்தல் ஆபத்து என்பதை எந்த மருத்துவமாதிடம் கேட்டாலும் சொல்வார்.

வீட்டு வைத்தியம் அரசியலற்றது என்று எண்ணுவோர் கேகாலையை நினைத்துப் பார்க்கட்டும். 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களை இந்நாட்டிற் கவர்ந்தபொழுது மிகக் கொடிதாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் கேகாலையும் ஒன்று. சூரியமல் இயக்கத்து இளைஞர் அங்கே சென்றனர். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் டாக்டர் மேரி இரத்தினமும் அவர்களுக்குத் துணைநின்றனர். கொயினா கொடுத்தால் மட்டும் மக்கள் எழுந்துவிடவில்லை என்பதை அவர்கள் கண்டனர். காய்ச்சலின் கீழே பட்டினி இருந்தது. ஆகவே பருப்பு வழங்கினர். என். எம். பெரேராவுக்குப் 'பருப்பு மாத்தையா' என்ற பெயர் வந்த வரலாறு அதுவே. நோயின் வேரை உண்ணாத வயிற்றிற் கண்ட அவ்விளைஞர்கள்தாம் 1935 டிசம்பரில் இந்நாட்டின் முதலாவது இடதுசாரிக் கட்சியைத் தொடங்கினர்.

அதே கேகாலையில் 2020 டிசம்பரில் நடந்ததென்ன? கொரோனாவைத் தடுக்கும் பாணியொன்று காளிதேவியின் அருளாற் கிடைத்ததென்று ஒருவர் கூற, தேனும் சாதிக்காயும் கலந்த அப்போத்தலுக்காக ஆயிரக்கணக்கானோர் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு நின்றனர். அன்றைய சுகாதார அமைச்சரே அதனைப் பருகிக் காட்டினார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியாயிற்று. இதனை நகைச்சுவையாகக் கொள்வது எளிது. ஆனால் பாணியை விற்பவனைப் பார்த்துச் சிரிக்கும் நாம், பாணியைக் குடித்துக் காட்டும் ஆட்சிக்கு அதனால் உள்ள இலாபத்தைக் கவனிப்பதில்லை. 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டினால் அரசாங்க ஆஸ்பத்திரிகளிற் சத்திர சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அத்தகைய காலத்தில், மருந்து அடுக்களையிலேயே இருக்கிறது என்னும் உபதேசம் யாருக்கு வசதியானது? ஆஸ்பத்திரியின் பொறுப்பு அஞ்சறைப் பெட்டிக்கு மாற்றப்படுகிறது. குணமானால் இயற்கையின் மகிமை. குணமாகாவிடின் தாயின் கவனக்குறைவு.

இனி எளிய சமையல். மலரில் 'பத்து நிமிடத்தில் முருங்கையிலை வறை' என்றொரு குறிப்பு இருந்தது. அந்தப் பத்து நிமிடம் சட்டி அடுப்பில் ஏறியபின் தொடங்குகிறது. முருங்கைக் கொப்பை முறித்து இலை ஆய்தலும், தேங்காய் உடைத்துத் திருவுதலும், விறகு பிளத்தலும், கிணற்றில் நீர் இறைத்தலும், பின்னர் சட்டி கழுவுதலும் அந்தக் கணக்கிற் சேரா. உழைப்பின் பெரும்பகுதியைக் கணக்கிலிருந்து அகற்றிவிட்டு எஞ்சியதை எளிது என்று கூறும் வித்தை நமக்குப் புதியதன்று. கூலிக் கணக்கிலும் அதையே காண்கிறோம். 2022 செப்டெம்பரிற் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியபொழுது, எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் நாட்கணக்காக வரிசையில் நின்றபொழுது, மகளிர் பக்கங்கள் சிக்கனச் சமையலைக் கற்பித்தன. விலையை உயர்த்தியவர்களைப் பற்றி அங்கே பேச்சில்லை. புகையடுப்பின் முன் மீண்டும் குந்தியவளுக்கு, தேங்காய் இல்லாமற் சொதி வைக்கும் உபாயம் கூறப்பட்டது.

முருங்கையிலை இரத்தத்துக்கு நல்லதென்றும் அக்குறிப்பு சொல்கிறது. இரும்புச்சத்து உண்டு, மெய்தான். தேசிக்காய்ப் புளி விட்டு உண்டால் அச்சத்து உடலில் நன்கு சேரும். உண்டவுடன் பிளேன்ரீ குடித்தாற் சேர்வது குறையும். இவை பயனுள்ள செய்திகள், மலரில் இல்லை. இருந்தாலும் ஒரு கேள்வி எஞ்சும். அந்த வறையை உண்பது யார்? கணவனும் பிள்ளைகளும் உண்டபின் சட்டியின் அடியில் ஒட்டியதை வழித்துச் சோற்றோடு பிசைந்து, நின்றபடியே உண்டு, பிளேன்ரீயால் வயிற்றை நிரப்புபவளுக்கு எந்த முருங்கை இரத்தம் ஊட்டும்? கடைசியில் உண்பதைத் தாயன்பு என்று பாடிய கவிதை, அதே மலரில், ஏழு பக்கம் முன்னால் இருக்கிறது.

சமையல் பெண்ணின் இயற்கைத் தருமம் என்போர், கோயில் அன்னதானத்துக்கும் கலியாண வீட்டுக்கும் உணவுக் கடைக்கும் சமைப்பவர் பெரும்பாலும் ஆண்களாயிருக்கும் விந்தையை விளக்கவேண்டும். கூலியோ கீர்த்தியோ கிடைக்குமிடத்தில் ஆணின் கைக்கு அகப்பை கனப்பதில்லை.

பாராட்டு என்பது இங்கே கொடாத கூலிக்கு ஈடாகக் கொடுக்கப்படும் போலி நாணயம். அன்னையர் தினத்தை அமெரிக்காவிற் தொடக்கிய அன்னா ஜார்விஸ் என்ற பெண்மணியே, 1914இல் அது அரச பிரகடனம் பெற்றபின் பூ வியாபாரியும் வாழ்த்துமடல் வியாபாரியும் அதனைக் கைப்பற்றியதைக் கண்டு வெகுண்டு, எஞ்சிய வாழ்நாளைத் தாம் தொடக்கியதை எதிர்ப்பதிற் கழித்தார். அக்காலத்திலேயே, 1910இல், கொப்பன்ஹேகனிற் கூடிய சோஷலிஸப் பெண்கள் மாநாட்டிற் கிளாரா செற்கின் வேறொரு தினத்தை முன்மொழிந்தார். அது வாக்குரிமைக்கும் உரிமைப் போராட்டத்துக்குமான தினம். 1919இல் லெனின் எழுதியபொழுதும் பொதுச் சமையற்கூடங்களையும் குழந்தைக் காப்பகங்களையுமே சுட்டிக்காட்டினார். தாய்க்குப் பாமாலை சூட்டச் சொல்லவில்லை.

லெனினின் பெயரை உச்சரிக்கும் நமது தோழர்களையும் இவ்விடத்திற் கேட்கவேண்டியிருக்கிறது. நமது வாசகர் வட்டக் கூட்டங்கள் பெரும்பாலும் ஏதாவதொரு வீட்டு விறாந்தையில் நடைபெறுகின்றன. பெண் விடுதலை பற்றி இரவு ஒன்பது மணி வரை வாதிட்டிருக்கிறோம். உள்ளேயிருந்து மூன்று தடவை தேநீர் வந்திருக்கிறது. கொண்டுவந்தவரின் கருத்தை எத்தனை முறை கேட்டோம்? அவருக்கு ஒரு கதிரை போட்டோமா? பிற்போக்காளன் தாயை வணங்கிவிட்டு வேலை வாங்குகிறான். நாம் வணங்காமல் வேலை வாங்குகிறோம். வேறுபாடு அவ்வளவுதான் என்றால் அவன் நம்மைப் பார்த்து நகைப்பதில் தவறில்லை.

விழாவுக்குப் பின் கூடிய ஆசிரியர் கூட்டத்தில் நான் மூன்று யோசனைகளை வைத்தேன். அடுத்த விழாவிற் சமையலும் பரிமாறலும் பாத்திரம் கழுவலும் தந்தையரதும் ஆசிரியர்களதும் பொறுப்பாதல் வேண்டும். ஆண் மாணவர்க்கும் சோறு ஆக்கவும் பருப்பு அவிக்கவும் பாடசாலையிற் கற்பிக்கவேண்டும். மலரின் வீட்டு வைத்தியப் பகுதியை எங்கள் பிரிவின் மருத்துவமாது பார்வையிட்ட பின்னரே அச்சுக்கு அனுப்பவேண்டும். முதலாவதைக் கேட்டுச் சிலர் சிரித்தனர். இரண்டாவதுக்கு நேரசூசியில் இடமில்லை என்றனர். மூன்றாவதை இளம் ஆசிரியைகள் இருவர் ஆதரித்தனர். பாட்டிமாரின் மனம் புண்படும் என்று ஒரு மூத்த ஆசிரியர் தடுத்தார். அடுத்த மலருக்கான அச்சுப்படியைத் திருத்தித் தரும்படி என்னிடம் மறுபடியும் கேட்டிருக்கிறார்கள். டெங்குப் பரிசோதனை பற்றிய ஒரு பக்கத்தை எழுதி, அதைச் சேர்த்தாற் திருத்தித் தருவேன் என்று பதிலனுப்பியிருக்கிறேன்.