நட்சத்திர ஹோட்டல்

"பூட்டிக் ஹோட்டல்" என்று ஒரு வகை ஹோட்டல் இப்போது நாகரிக உலகத்தில் பிரசித்தி பெற்று வருகிறது. உள்ளே நுழைந்ததும் கதவைப் பூட்டிக்கொள்ள வேண்டிய இடம் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். பிரெஞ்சு பாஷையில் அந்தச் சொல்லுக்குச் சிறிய கடை என்று பொருள். 1984-ல் நியூயார்க் நகரத்தில் "மார்கன்ஸ்" என்ற ஹோட்டலைத் திறந்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் ரூபெல் என்பவர், மற்றப் பெரிய ஹோட்டல்களைச் சகல சாமான்களும் விற்கும் பெருங்கடைகளுக்கும், தம்முடையதைப் பொறுக்கி எடுத்த சரக்கை விற்கும் சிறு கடைக்கும் ஒப்பிட்டாராம். அது முதல் அந்தப் பெயர் பரவலாயிற்று. அறைகள் கொஞ்சம், அலங்காரம் அதிகம், வாடகையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

சென்ற தை மாதத்தில் ஒரு கல்யாணத்தை முன்னிட்டுச் சென்னை நுங்கம்பாக்கத்தில் இத்தகைய ஹோட்டல் ஒன்றில் ஓர் இரவு தங்கினோம். ஏற்பாடு நம் மாப்பிள்ளையுடையது. ஆகையால் வாய் திறக்க வழியில்லை. சுவரில் ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்தை மாட்டியிருந்தார்கள். மூலையில் இருந்த பித்தளை அண்டாவில் காய்ந்த புல்லைச் செருகி வைத்திருந்தார்கள். நம் பாட்டி அந்த அண்டாவைக் கண்டிருந்தால், புளி போட்டுத் துலக்கித் தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் மறு காரியம் பார்த்திருப்பாள். நடையில் ஒரு திண்ணை கூட இருந்தது. அதன்மேல் யாரும் உட்காரக் கூடாதென்று கயிறு கட்டியிருந்தது! படுக்கை சுகமாயிருந்தது என்பதையும், சிப்பந்திகள் மிக்க மரியாதையுடன் நடந்துகொண்டார்கள் என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஆனால் ஜன்னல் திறக்கவில்லை. கண்ணாடி வழியாக மேலே பார்த்தோம். வானம் முழுதும் செம்மண் கரைத்த நீரைப் போல் மங்கலான வெளிச்சம். ஒரு நட்சத்திரத்தைக்கூடக் காணோம்.

அதே நுங்கம்பாக்கத்திலேதான் 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் நட்சத்திரங்களைக் கணிப்பதற்கென்று ஒரு வானாராய்ச்சி நிலையம் கட்டினார்கள். அங்கிருந்து பார்த்துத்தான் 1861-ல் போக்ஸன் என்ற வான நூலார் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு "ஆசியா" என்று பெயரிட்டார். 1867-ல் நம்மவரான சிந்தாமணி ரகுநாதாசாரியார், ஒளி ஏறி இறங்கும் நட்சத்திரம் ஒன்றை அங்கேயே கண்டறிந்தார். 1899-ல் வானாராய்ச்சி வேலை கோடைக்கானலுக்குப் போய்விட்டது. இன்று அப்பேட்டையின் நாகரிகக் கடைவீதிகளில் உலாவுகிறவர்களுக்கு ரகுநாதாசாரியாரின் பெயரைச் சொன்னால், அது எந்தக் கடை என்று கேட்பார்கள்.

ஜவ்வாது மலைக்கு மாணவர்களை அழைத்துக்கொண்டு போவது நம் வழக்கம். ஜமுனாமரத்தூரில் நாம் தங்கும் இடத்துக்கு எந்த வகையிலும் பெயர் கிடையாது. ஓடு வேய்ந்த இரண்டு அறைகள்; கோரைப் பாய்கள்; வெளியே தண்ணீர்த் தொட்டி. வீட்டுக்கார அம்மாள் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். அவர் சமைத்துப் போடும் சாமைச் சோற்றுக்கும் நுங்கம்பாக்கத்தில் கருங்கல் பலகையில் வைத்துக் கொடுத்த சாமைப் பொங்கலுக்கும் தானியம் ஒன்றுதான், விலைதான் வேறு. இரவு ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்றால், "வாத்தியாரே, பசங்களை வாசலுக்குக் கூட்டிப் போங்க. மேலே எல்லாம் தெரியும்" என்பார். போவோம். ஆகாசகங்கை மலைக்கு மலை பாலம் போட்டதுபோல் கிடக்கும். நாற்பது பையன்கள் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதை வேறெங்கும் நாம் கண்டதில்லை.

இந்த இருளைத் தேடித்தான் வான நூலறிஞர் வைணு பாப்பு இதே மலையிலுள்ள காவலூருக்கு வந்தார். 1968-ல் அங்கே சிறிய தொலைநோக்கி ஒன்றுடன் வேலை தொடங்கிற்று. 1972-ல் வியாழனின் சந்திரனாகிய கானிமீடுக்கு வாயு மண்டலம் உண்டென்பதற்கு அடையாளம் கண்டார்கள். 1977-ல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டறிந்த இடங்களில் காவலூரும் ஒன்று. நம் நாட்டிலேயே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் வேலைக்கு வந்தது. அதற்கு நான்கு வருஷங்களுக்கு முன்பே பாப்பு காலமாகிவிட்டார். 1988-ல் அங்கு கண்ட சிறுகோள் ஒன்று கணித மேதை ராமானுஜன் பெயரைத் தாங்கிச் சூரியனைச் சுற்றி வருகிறது.

சில நாட்களுக்கு முன் நமக்குத் தெரிந்த செல்வந்தர் ஒருவர் வந்தார். ஜவ்வாது மலையில் பூட்டிக் ஹோட்டல் கட்ட அவருக்கு ஆசை. கூரைக் குடிசை மாதிரியே அறைகள், மரங்களிலெல்லாம் சர விளக்குகள், "நட்சத்திரங்களின் கீழே உறங்குங்கள்" என்று விளம்பரம்!

மலையில் நல்ல விடுதி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பெண்டு பிள்ளைகளுடன் போகிறவர்களுக்குச் சுத்தமான ஸ்நான அறை வேண்டியதுதான். ஆனால் மேல் நோக்கிப் போகும் விளக்கொளி காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி வானத்தையே வெளிறச் செய்துவிடுகிறது. மங்கலான நட்சத்திரங்கள்தாம் முதலில் மறையும். காவலூரார் தேடுவதும் அவற்றைத்தான். விளக்குக்குக் குல்லாய் போட்டு ஒளியைத் தரை நோக்கித் திருப்புவதற்கு அதிகச் செலவாகாது. லடாக்கிலுள்ள ஹான்லேயில் 2022-ல் இருண்ட வானத்தையே காப்பகமாக்கினார்கள். அந்தக் கிராமத்தாருக்குப் பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்தார்கள். வருகிறவர்கள் அவர்கள் வீடுகளிலேயே தங்குகிறார்கள், பணமும் அவர்களுக்கே போகிறது. நம் செல்வந்தரின் திட்டத்திலோ மலையாளி மக்களுக்கு வைத்திருந்த உத்தியோகம் அறை பெருக்குவது ஒன்றுதான். "அந்த அம்மாளைப் போன்ற நாலு குடும்பங்களைப் பங்காளிகளாகச் சேர்த்துக்கொள்ளுங்களேன்" என்றோம். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. விளக்கு விஷயத்துக்கு மட்டும் பதில் சொன்னார்:

"விளக்கு இல்லாவிட்டால் ராத்திரியில் என் ஹோட்டல் இருக்குமிடம் எப்படி ஸார் தெரியும்?"

"ஜமுனாமரத்தூர்க் கடைவீதியில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்களே!" என்றோம்.