வெளிநாட்டில் ‘செட்டில்’ ஆவது எப்போது? சாந்திபுரத்தில் இருந்து ஒரு கணக்கு

சாந்திபுரம் (சித்தூர் மாவட்டம்): ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில், தமிழக, கர்நாடக எல்லைகளை ஒட்டிய குப்பம் சட்டமன்றத் தொகுதியில் அமைந்துள்ளது சாந்திபுரம் மண்டலம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் இப்பகுதியில் பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் செல்வது புதிதல்ல. குப்பத்தில் இருந்து காலை ரயிலில் பெங்களூருக்குச் சென்று இரவில் திரும்புவோர் ஏராளம். பட்டுப்புழு வளர்ப்பையும் காய்கறிச் சாகுபடியையும் மட்டும் நம்பியிருக்க விரும்பாத குடும்பங்களின் அடுத்த கனவு, பிள்ளைகள் வெளிநாட்டில் ‘செட்டில்’ ஆவது.

இந்தச் சொல்லைச் சுற்றித்தான் குழப்பம் தொடங்குகிறது. வேலை விசா, குடியிருப்பு அனுமதி, நிரந்தரக் குடியிருப்பு உரிமை, குடியுரிமை ஆகிய நான்கும் வெவ்வேறானவை. ஆனால் முகவர்களின் பேச்சில் நான்கும் ஒன்றாகிவிடுகின்றன. 2025 ஜூலை மாதத் தொடக்கத்தில், சுமார் 23 லட்சம் ரூபாய் செலுத்தும் இந்தியர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் வாழ்நாள் ‘கோல்டன் விசா’ வழங்குவதாக இந்திய ஊடகங்களில் பரவலாகச் செய்தி வெளியானது. சில நாள்களிலேயே அந்நாட்டின் குடியேற்ற ஆணையம் அதனைத் திட்டவட்டமாக மறுத்தது. உண்மையில் கோல்டன் விசா என்பது தகுதி பெறுவோருக்குக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டு, பின்னர் புதுப்பிக்கப்படும் அனுமதியாகும். சொத்து வாங்கி 10 ஆண்டு விசா பெற விரும்புவோர் 20 லட்சம் திர்ஹம் மதிப்புள்ள சொத்து வைத்திருக்க வேண்டும். 23 லட்சம் ரூபாய் அதன் அருகில்கூட வராது.

எந்த அனுமதியானாலும் ஒரு குடும்பம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சம்பளம் எவ்வளவு என்பதல்ல. அந்த அனுமதியை ரத்து செய்யும் அதிகாரம் யார் கையில் உள்ளது என்பதே.

பழைய சித்தூர் மாவட்டத்தின் பீலேரு, மதனப்பள்ளி பகுதிகளும் அவற்றை அடுத்த ராயச்சோட்டி, ராஜம்பேட்டையும் பல பத்தாண்டுகளாகக் குவைத்துக்கு ஆட்களை அனுப்பி வருபவை. வீட்டு வேலைக்குப் பெண்களும், ஓட்டுநர், சமையல் பணிகளுக்கு ஆண்களும் சென்றனர். குவைத்தில் வசிக்கும் வெளிநாட்டவரில் சுமார் 10 லட்சம் பேருடன் முதலிடத்தில் இருப்பவர்கள் இந்தியர்கள். ஆனால் 20 ஆண்டுகள், 30 ஆண்டுகள் உழைத்தாலும் அங்கு ஒரு சாதாரணத் தொழிலாளி நிரந்தரமாகத் தங்கும் உரிமையைப் பெறுவதில்லை. ‘இக்காமா’ எனப்படும் குடியிருப்பு அனுமதி, ‘கஃபீல்’ எனப்படும் வேலை அளிப்பவருடன் பிணைக்கப்பட்டது. அவரைவிட்டு விலகினால் சட்டபூர்வமாகத் தங்கும் தகுதியே கேள்விக்குறியாகிவிடும். வீட்டு வேலை செய்வோர் ‘20-ஆம் பிரிவு’ விசாவிலும் தனியார் நிறுவன ஊழியர்கள் ‘18-ஆம் பிரிவு’ விசாவிலும் உள்ளனர்.

வீட்டுப் பணியாளர்களுக்கென 2015-ஆம் ஆண்டில் குவைத் இயற்றிய சட்டம், நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மிகாத வேலை, வாரம் ஒரு நாள் விடுப்பு, ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்துடன் விடுமுறை ஆகியவற்றை வழங்குகிறது. சட்டம் நல்லதுதான். பூட்டிய வீட்டுக்குள் அதனை யார் கண்காணிப்பது என்பதே பிரச்சினை. வேலை கொடுத்தவர் ‘தலைமறைவு’ என்று ஒரு புகார் அளித்தால், சம்பள பாக்கி கேட்டு வெளியேறிய பெண்ணே குற்றவாளி ஆகிவிடுகிறார். அனுமதிக்காலம் முடிந்தும் தங்கியிருப்போருக்காக 2018-ஆம் ஆண்டிலும், மீண்டும் 2024 மார்ச் முதல் ஜூன் வரையிலும் குவைத் அரசு பொதுமன்னிப்பு அறிவிக்க நேர்ந்தது. 2025 ஜூலை 1 முதல், 18-ஆம் பிரிவு ஊழியர்களும் நாட்டைவிட்டு வெளியேற வேலை அளிப்பவரின் ஒப்புதலுடன் கூடிய அனுமதி பெற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் ஏற்பட்ட தீ விபத்தும் மறக்கக்கூடியதல்ல. இரண்டு நாள்களுக்குப் பின் இந்திய விமானப்படை விமானம் 45 இந்தியர்களின் உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. அவர்களில் 7 பேர் தமிழகத்தையும் 3 பேர் ஆந்திரத்தையும் சேர்ந்தவர்கள்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். அவ்வகைக் கடவுச்சீட்டு உள்ள பெண்களுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். அரசு முகமைகள் வழியாகவே அவர்கள் வேலைக்கு எடுக்கப்பட வேண்டும். ஆந்திரத்துக்கு ‘ஓம்கேப்’, தமிழகத்துக்கு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஆகியவை உள்ளன. இருந்தும் சுற்றுலா விசாவில் துபாய் சென்று, அங்கிருந்து வேறு நாட்டுக்கு மாற்றப்படும் வழி இன்னும் அடைபடவில்லை. அவ்வாறு செல்வோர் அரசின் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை. கட்டாயக் காப்பீட்டுத் திட்டமான பிரவாசி பாரதிய பீமா யோஜனாவின் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் அவர்களுக்குக் கிடைக்காது.

அடுத்த தலைமுறை பொறியியல் படித்தது. அதன் பார்வை அமெரிக்காவை நோக்கித் திரும்பியது. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் பயின்ற இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கையில் இந்தியாவே முதலிடம். அவர்களில் தெலுங்கு மாநிலங்களின் பங்கு கணிசமானது. வளைகுடாவைப் போலன்றி அமெரிக்கச் சட்டத்தில் நிரந்தரக் குடியுரிமைக்கான பாதை இருக்கிறது. அந்தப் பாதையின் நீளம்தான் பிரச்சினை.

படிப்பு முடித்தவர் ஓராண்டும், அறிவியல், பொறியியல் துறையினர் கூடுதலாக 24 மாதங்களும் பணிபுரியலாம். பின்னர் எச்-1பி விசாவுக்கான போட்டி. ஆண்டு வரம்பு 85,000 மட்டுமே. கிடைத்தாலும், வேலை பறிபோனால் வேறு நிறுவனத்தைத் தேடிக்கொள்ள அதிகபட்சம் 60 நாள்களே அவகாசம். கஃபீல் முறையுடன் இதனை ஒப்பிடுவது மிகை என்று சிலர் கருதக்கூடும். கொடுமையில் ஒப்பீடு இல்லை என்பது உண்மையே. ஆனால் தங்கும் உரிமை வேலை அளிப்பவரிடம் கட்டுண்டிருக்கிறது என்ற ஓர் அம்சத்தில் இரண்டும் ஒரே குடும்பம்தான்.

2025 செப்டம்பர் 19 அன்று அதிபர் டொனால்ட் டிரம்ப், அமெரிக்காவுக்கு வெளியே இருப்போருக்கான புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர், அதாவது சுமார் 88 லட்சம் ரூபாய் கட்டணம் விதித்தார். அதே நாளில் 10 லட்சம் டாலர் செலுத்துவோருக்கான ‘கோல்டு கார்டு’ திட்டத்துக்கும் கையெழுத்திட்டார். திறமையை விடப் பணத்துக்கு முன்வரிசை தரும் கொள்கை என்ற விமர்சனத்துக்கு அந்த ஒரு நாளே போதுமான சான்று.

வேலைவாய்ப்பு அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள் ஒதுக்கப்படுகின்றன. எந்தவொரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது பொது விதி. மக்கள்தொகையில் சிறிய நாட்டுக்கும் இந்தியாவுக்கும் ஒரே உச்சவரம்பு. இதன் விளைவாக, முதுகலைப் பட்டதாரிகளுக்கான இரண்டாம் பிரிவில் இந்தியர்களுக்கு 2025-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட முன்னுரிமைத் தேதிகள் 2013-ஐத் தாண்டவே இல்லை. இன்று வரிசையில் சேரும் 25 வயது இளைஞர் தம் முறை வருவதற்குள் ஓய்வுபெறும் வயதை எட்டினாலும் வியப்பில்லை. பெற்றோரின் விசாவைச் சார்ந்து வளரும் குழந்தைகள் 21 வயதில் அந்தப் பாதுகாப்பையும் இழக்கின்றனர். தெலுங்கும் தமிழும் சரளமாகப் பேசாத, அமெரிக்காவையே ஊராக அறிந்த பிள்ளைக்குத் தனி விசா தேட வேண்டிய நிலை.

ஊரில் இருக்கும் முதியோர் இந்தக் கணக்கில் எங்கே வருகின்றனர்? கிரீன் கார்டு பெற்ற மகனோ மகளோ பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள முடியாது. அதற்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். பொதுவாகக் கிரீன் கார்டுக்குப் பின் மேலும் 5 ஆண்டுகள். அதுவரை வழக்கமாக ஆறு மாதம் வரையிலான வருகையாளர் அனுமதி மட்டுமே. சம்பளத்தில் இருந்து அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிதிக்குப் பிடித்தம் செய்யப்படும் தொகைக்கும் இதே கதைதான். ஓய்வூதியத் தகுதிக்குப் பொதுவாகப் பத்தாண்டுகள் தேவை. இரு நாடுகளுக்கும் இடையே இதற்கான ஒப்பந்தம் இல்லாததால், இடையில் திரும்புவோரின் பங்களிப்பு இந்தியக் கணக்கில் சேராது.

ரிசர்வ் வங்கி ஆய்வின்படி, 2023-24-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த தனிநபர் பணப்பரிமாற்றத்தில் அமெரிக்காவின் பங்கு 27.7 சதவீதமாகி முதலிடத்தில் இருந்தது. அந்தப் பணம் கிராமங்களில் வீடாகவும் கல்லூரிக் கட்டணமாகவும் மாறியிருப்பதை மறுப்பதற்கில்லை. செல்ல வேண்டாம் என்று யாருக்கும் சொல்ல இயலாது. கடன் வாங்கிச் செல்வோர்தான் கூடுதலாக யோசிக்க வேண்டியவர்கள். பெருந்தொகைக் கல்விக்கடனுக்கு வங்கிகள் ஈடு கேட்கின்றன. விவசாய நிலத்தை ஜப்தி செய்வதில் சட்டத் தடை இருப்பதால் அதனை ஈடாக ஏற்கத் தயங்குகின்றன. மிஞ்சுவது வீடு, மனை அல்லது தனியார் வட்டி.

நிலத்தைப் பற்றி இன்னொன்றும் உண்டு. சாந்திபுரம், ராமகுப்பம் மண்டலங்களில் விமான நிலையத் திட்டம் பேசப்படும் காலத்தில் இது அலட்சியப்படுத்தக்கூடியதல்ல. அந்நியச் செலாவணி மேலாண்மை விதிகளின்படி, வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்கவும் தானமாகப் பெறவும் முடியாது. வாரிசுரிமையாகப் பெறலாம், ஏற்கெனவே இருப்பதை வைத்திருக்கலாம். தந்தை தம் ஆயுள்காலத்திலேயே தானப் பத்திரம் எழுதி நிலத்தை வெளிநாட்டு மகனுக்கு மாற்ற நினைத்தால் அது செல்லாமல் போகும் அபாயம் உள்ளது. பூர்வீகச் சொத்தின் பாகப்பிரிவினை தனி விஷயம். அதற்கு வழக்கறிஞரின் ஆலோசனை அவசியம். வாரிசாகப் பெற்ற நிலத்தை அந்த மகன் பின்னாளில் விற்க விரும்பினாலும், இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு மட்டுமே விற்கலாம்.