வேலியோர நன்னாரியை வேரோடு இழக்கலாமா?

செய்யாற்றங்கரை மாகறலிலும், உத்திரமேரூர் வட்டாரத்துப் புதர்க்காட்டு ஓரங்களிலும் நன்னாரிக் கொடியை மூத்த விவசாயிகள் நன்கு அறிவார்கள். கிளுவை வேலியின் நிழலில் யாரும் நீர் பாய்ச்சாமலே படர்ந்து கிடக்கும் கொடி அது. வேலியை அழித்துக் கல்லூன்றிக் கம்பி கட்டும்போது, கிளுவையோடு நன்னாரியும் போய்விடுகிறது.

வேலியில் இல்லாததைப் புதர்க்காட்டில் தேடுகிறோம். பூவையோ காயையோ பறித்தால் செடி பிழைத்துக்கொள்ளும். ஆனால் நன்னாரியின் பயன் வேரில் அல்லவா இருக்கிறது! முழு வேரையும் தோண்டி எடுத்தால் கொடியே அழியும். மேலும், காப்புக்காட்டில் அனுமதியின்றி வேர் தோண்டுவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றமாகும். ஆகவே, நன்னாரியை நம் வேலியிலேயே நட்டு வளர்ப்பதுதான் சரியான வழி என்பது எமது கருத்து.

இதன் வேர் உடல் சூட்டைத் தணிக்கும், சிறுநீரைப் பெருக்கும் என்று சித்த மருத்துவத்தில் வழங்கப்பட்டு வருகிறது. 1864-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மருந்து நூலிலும் இது இடம்பெற்றது. கோடையில் நன்னாரி சர்பத்துக்கு உள்ள கிராக்கியைச் சொல்ல வேண்டியதில்லை.

செடியை அடையாளம் காண்பதில் கவனம் தேவை. இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். இளங்கொடியில் அவை குறுகி நீண்டும், நடுவில் வெண்கோட்டுடனும் காணப்படும். முதிர்ந்த கொடியில் அகன்றிருக்கும். கிள்ளினால் பால் வரும். இதைப்போன்ற வேறு பால்கொடிகளும் உண்டு. எனவே வேரை நசுக்கி முகர்ந்து, மணத்தைக் கொண்டே உறுதி செய்யவேண்டும். ஊறுகாய்க்குப் பயன்படும் மாகாளிக்கிழங்குக்கும் இதே மணம் உண்டு. ஆனால் அது பருத்த, சதைப்பற்றுள்ள வேர், மலைப்பகுதிகளில் கிடைப்பது.

நடும் முறை எளிது. ஓராண்டுக்கு மேற்பட்ட கொடியின் வேரை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கவும். மணல், செம்மண், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து பிளாஸ்டிக் பைகளில் நிரப்பி, ஆடி, ஆவணியில் துண்டுகளை ஊன்றவும். சுமார் ஒன்றரை மாதத்தில் துளிர்க்கும். ஐப்பசி மழையில் வேலியோரம் இரண்டடிக்கு ஒன்றாக நடலாம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். ஆகையால் தாழ்ந்த இடத்தில் மண்ணை அணைத்து மேடாக்கவேண்டும். கொடி பற்றிப் படரக் கிளுவைப் போத்துகளே போதும்.

இரண்டு, மூன்று ஆண்டுகள் சென்றபின், தை, மாசியில் வேர் எடுக்கலாம். ஒரு கொடியின் வேர் முழுவதையும் எடுக்காமல், ஒரு பகுதியை மண்ணிலேயே விட்டு மூடினால் மீண்டும் தழைக்கும். எடுத்த வேரைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். மணம் பெரும்பாலும் வேர்ப்பட்டையில்தான் இருக்கிறது. சர்பத்துக்கு வேரை இடித்து, நடு நரம்பை நீக்கி, பட்டையைச் சுடுநீரில் இரவு முழுவதும் ஊறவைத்தல் நலம். நெடுநேரம் கொதித்தால் மணம் ஆவியோடு போய்விடும்.

'நாற்று வாங்குங்கள், வேரை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்று வருபவர்களை நம்பி நெல் வயலையும் மணிலா நிலத்தையும் இதற்கு மாற்றிவிட வேண்டாம். காஞ்சிபுரத்து நாட்டு மருந்துக் கடைகளில் விலையை விசாரித்த பிறகே அளவைக் கூட்டுங்கள். வெறுமனே கிடக்கும் வேலியோரத்தில் இருபது கொடி நட்டுப் பார்ப்பதில் சிறு விவசாயிக்கு நஷ்டம் ஏதுமில்லை. விற்காவிட்டாலும் வீட்டுக்கு ஆகும். நன்னாரியும் நம் ஊரில் நிலைத்திருக்கும்.